ஸ்விட்ச் போடும் முன் தகட்டைப் படியுங்கள்



எங்கள் குழுவின் தையல் கூடத்துக்கு ஒரு ஓவர்லாக் மெஷின் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அது இருந்தால் துணியின் ஓரம் பிரியாமல் அடித்துக் கொடுக்கலாம், கூலியும் கூடக் கிடைக்கும். பழைய மெஷின் விற்கிற ஒரு கடையில் வெளிநாட்டிலிருந்து வந்த சின்ன மெஷின் ஒன்று இருந்தது. புது மெஷின் விலையில் பாதிகூட இல்லை. கூட்டத்தில் தீர்மானம் போட்டு, உள்கடன் எடுத்து, வாங்கி வந்துவிட்டோம்.

பிளக் நம்ம ஊர் சாக்கெட்டில் சேரவில்லை. அதை வெட்டிவிட்டு வேறு பிளக் மாட்டினோம். பூ வைத்து, சூடம் காட்டி, ஸ்விட்ச் போட்டவள் நான்தான். பெடலை மிதித்ததும் மெஷின் பேய் மாதிரி ஓடியது. "அடேயப்பா, என்னா வேகம்!" என்று எல்லோரும் கைதட்டினோம். ஒரு நிமிஷம் ஆகவில்லை. கருகல் வாடை, புகை. மெஷின் நின்றுவிட்டது.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து மெஷினைத் திருப்பிப் பார்த்தார். அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகடு. அதில் 120 என்று போட்டிருந்தது. "இது 120 வோல்ட் மெஷின் அக்கா. நம்ம வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். யாருமே படிக்கலையா?" என்றார். அங்கே எண் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தோம். ஒருத்தரும் படிக்கவில்லை.

நாங்கள் பட்டது நீங்கள் படக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வோல்ட் என்றால் என்ன?

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது. தொட்டி உயரமாக இருந்தால் குழாயில் வேகம் அதிகம். அந்த அழுத்தம் மாதிரிதான் வோல்ட். குழாயில் ஓடுகிற தண்ணீரின் அளவு மாதிரி ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். அதுதான் மெஷின் இழுக்கிற சக்தி.

120 வோல்ட்டுக்குச் செய்த பொருளில் 230 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? அழுத்தம் இரண்டு மடங்குதானே என்று நினைக்காதீர்கள். அழுத்தம் கூடும்போது கரண்ட்டும் சேர்ந்து கூடுகிறது. இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடாகும் பொருளில் சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகிவிடும். மோட்டாராக இருந்தால் காயில் கருகிவிடும்.

டிரான்ஸ்பார்மர் என்ன செய்கிறது?

ஊர் முனையில் கம்பத்தின் மேல் நிற்கிறதே, அதே வேலைதான். 11,000 வோல்ட்டில் (சில பகுதிகளில் 22,000 வோல்ட்டில்) வருகிற மின்சாரத்தை அது குறைத்து நம் வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. தையல் கூடத்தில் வைப்பது அதன் குட்டித் தங்கச்சி.

உள்ளே ஒரு இரும்புச் சட்டம். அதில் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள். முதல் சுருளில் 460 சுற்று, இரண்டாவதில் 220 சுற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் சுருளில் 230 வோல்ட் கொடுத்தால் இரண்டாவதில் 110 வோல்ட் கிடைக்கும். சுற்று எந்தக் கணக்கில் குறைகிறதோ, வோல்ட்டும் அதே கணக்கில் குறையும். அவ்வளவுதான் அதன் ரகசியம். 120 வோல்ட் மெஷின் 110 வோல்ட்டிலும் ஓடும், வேகம் கொஞ்சம் குறையும்.

நம்மில் பலர் ஸ்டெபிலைசரையும் இதையும் ஒன்று என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஸ்டெபிலைசர், ஏறி இறங்குகிற கரண்ட்டை 230 பக்கமாக நிறுத்தி வைக்கும். அது 110 வோல்ட் தராது.

தகட்டில் என்ன பார்க்க வேண்டும்?

1. வோல்ட்: 220, 230, 240 என்று இருந்தால் டிரான்ஸ்பார்மர் வேண்டாம். 100–240 என்று இருந்தாலும் வேண்டாம். செல்போன் சார்ஜர்களில் இப்படித்தான் இருக்கும். 100, 110, 120, 127 என்று மட்டும் இருந்தால் நேராகச் சொருகவே கூடாது. 110/220 என்று இரண்டும் இருந்தால் மாற்றி வைக்க ஒரு ஸ்விட்சோ இணைப்போ இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து 220-க்கு மாற்றிய பிறகே சொருகுங்கள்.

2. ஹெர்ட்ஸ்: நமக்கு 50. அமெரிக்காவிலும் தைவானிலும் 60. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், இதை மாற்றாது. 50/60 என்று இருந்தால் கவலை இல்லை. பெடல் மிதித்து வேகம் கூட்டுகிற, கார்பன் பிரஷ் உள்ள சின்னத் தையல் மோட்டாருக்கும் பாதகம் இல்லை. 60 மட்டும் போட்ட, பிரஷ் இல்லாத மோட்டார் இங்கே மெதுவாக ஓடும், சூடும் ஏறும். அதை வாங்கும் முன் மோட்டார் வைண்டிங் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

3. வாட்: எவ்வளவு பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த நாட்டுச் சாமான்?

அமெரிக்கா, கனடா என்றால் 120 வோல்ட். ஜப்பான் என்றால் 100 வோல்ட். தைவான் 110 வோல்ட். சவுதியிலிருந்து வருகிற பழைய சாமான்களில் 110, 127 என்று இருக்கலாம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை சாமான்கள் நம்ம ஊர் கரண்ட்டிலேயே ஓடும். ஆனாலும் தகட்டைப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஜப்பான் மெஷினாக இருந்தால் 100 வோல்ட் தருகிற டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

என்ன அளவு வாங்குவது?

டிரான்ஸ்பார்மரின் அளவை வோல்ட்-ஆம்பியர் என்பார்கள். நம் கணக்குக்கு அதை வாட் மாதிரியே வைத்துக்கொள்ளலாம். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிட அதிகம் இழுக்கும். அதனால் தகட்டில் உள்ள வாட்டைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்க வேண்டும். எங்கள் மெஷின் 120 வாட். மூன்று மடங்கு 360. கடையில் கிடைத்த 500 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்பார்மரை வாங்கினோம்.

1,200 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு டிரான்ஸ்பார்மர் தேடாதீர்கள். அது பெரிதாக இருக்கும், விலையும் கூடும். அதற்கு நம்ம ஊர் பெட்டியே வாங்கிவிடலாம். பெரிய பவர் மெஷினில் மோட்டார் தனியாகக் கழற்றும்படி இருந்தால், 230 வோல்ட் மோட்டார் மாற்ற என்ன ஆகும் என்றும் விசாரியுங்கள். இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கவனம்! கவனம்!

• இரண்டு சுருளும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்பார்மரைக் கேளுங்கள். ஒரே சுருளில் செய்தது விலை குறைவு. ஆனால் உள்ளே கம்பி அறுந்தால் 230 வோல்ட் அப்படியே மெஷினுக்குப் போய்விடலாம்.

• 110 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் உயிரைக் குடிக்கும். எர்த் இணைப்பும் சரியான பியூசும் கட்டாயம் வேண்டும்.

• 110 வோல்ட் சாக்கெட் மேல் சிவப்பு பெயிண்டில் 110 என்று எழுதி வையுங்கள். மெஷினின் பிளக்கிலும் எழுதுங்கள். ஆள் மாறி வேலை செய்யும்போது தவறாகச் சொருகாமல் இருக்க இதுதான் காவல்.

• டிரான்ஸ்பார்மர் லேசாக 'உம்' என்று சத்தம் போடும், கொஞ்சம் வெதுவெதுப்பாகும். அது இயல்பு. கை வைக்க முடியாத சூடு வந்தால் உடனே நிறுத்துங்கள். துணிக் குவியலுக்கு நடுவில் வைக்காதீர்கள். பஞ்சும் நூலும் சேராமல் துடையுங்கள்.

• வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். மெஷின் ஓடாவிட்டாலும் டிரான்ஸ்பார்மர் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும்.

• முதல் முறை மெஷினைச் சொருகும் முன், எலக்ட்ரீஷியனை விட்டு மீட்டரில் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள்.

எங்கள் மெஷின் இப்போது?

காயிலைத் திரும்பச் சுற்றி வாங்கினோம். அந்தச் செலவு, டிரான்ஸ்பார்மர் விலை, வேலை நின்ற நாட்களின் கூலி எல்லாம் சேர்த்தால் மலிவாக வாங்கிய லாபம் போய்விட்டது. ஸ்விட்ச் போட்டவள் நான் என்பதால் நானே கட்டுகிறேன் என்று கூட்டத்தில் அழுதேன். எங்கள் ஊக்குநர் அக்கா சொன்னார்: "நீ ஸ்விட்ச் போட்டே. தகட்டைப் படிக்காதது நாம எல்லாரும்தானே?" நஷ்டத்தைக் குழுக் கணக்கிலேயே எழுதினோம். தீர்மான நோட்டில் இன்னொன்றும் எழுதினோம்: இனி எந்த மெஷின் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் இரண்டு உறுப்பினர்கள் தகட்டைப் படித்து, வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் மூன்றையும் நோட்டில் குறிக்க வேண்டும்.

இப்போது அந்த மெஷின் தினமும் ஓடுகிறது. கடனும் தவணை தவறாமல் அடைகிறது. உங்கள் குழுவிலும் இந்தத் தீர்மானத்தைப் போட்டு வையுங்கள், சகோதரிகளே. ஒரு நிமிஷப் படிப்பு, ஒரு வருஷ உழைப்பைக் காப்பாற்றும்.