காசியில் பாடம் – 6: அகத்தியர் விட்டுப்போன ஊர்

காசியின் பெருமையைப் பாட வந்த நூல், காசியை விட்டு ஒருவர் கிளம்புவதில் தொடங்குகிறது. விந்திய மலை மேருவோடு போட்டி போட்டுக்கொண்டு வானத்தை மறித்து வளர்கிறது. சூரியனுக்கு வழியில்லை. மலைக்கு ஒரு பக்கம் ஓயாத வெயில், மறுபக்கம் விடியாத இரவு. தேவர்கள் ஓடிவந்து காசியில் தவமிருக்கும் அகத்தியரின் காலில் விழுகிறார்கள். அவர் தெற்கே நடந்தால் விந்தியம் அவருக்குத் தலைகுனியும். அவர் திரும்பும்வரை நிமிராது. உலகத்துக்காக அவர் இசைகிறார். ஆனால் நெஞ்சு வெடித்துத்தான் கிளம்புகிறார். காலபைரவர் முன்னால் நின்று, நான் என்ன பிழை செய்தேன், ஏன் என்னை வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேட்கிறார். பிறகு லோபாமுத்திரையோடு தெற்கே நடக்கிறார். ஸ்ரீசைலத்தை ஒட்டிய ஒரு மலையில் முருகனைக் கண்டு, காசியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். மீதிப் புராணம் முழுவதும் முருகன் சொல்ல, அகத்தியர் கேட்பதுதான்.

வடமொழியில் இது ஸ்கந்த புராணத்தைச் சேர்ந்த காசி கண்டம், நூறு அத்தியாயங்கள். தமிழில் இதைப் பாடியவர் 16-ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர். நைடதமும் வெற்றி வேற்கையும் தந்த அதே அரசர்தான். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பினார். அடுத்த நூற்றாண்டில் அதே மரபில் வந்தவர் வடக்கே இருக்கும் காசிக்குத் தமிழில் ஒரு காண்டம் எழுப்பினார்.

பெசன்ட் நகரில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து இந்தக் காண்டத்தைப் படித்தபோது கதை புரிந்தது, ஊர் புரியவில்லை. அடையாறு நூலகத்தில் வடமொழி மூலத்தைப் புரட்டினேன், அப்போதும் அப்படித்தான். பெயர்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன. இந்த லிங்கம் இன்ன குளத்துக்கு வடக்கே, அந்த விநாயகர் இன்ன தேவிக்குத் தெற்கே என்று புராணம் வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறது. அந்த ஊரில் வைத்துப் படிக்க வேண்டிய நூல் இது என்று அப்போதுதான் பட்டது.

அனுமான் கட்டத்துப் படித்துறைக்குப் பின்னால், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் சந்தில், எனக்குப் பாடம் சொல்ல ஒரு சாஸ்திரிகள் கிடைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். முதல் நாள் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“பார்க்க வந்தேளா, படிக்க வந்தேளாம்மா? பார்க்க வந்திருந்தா ஓடக்காரன்கிட்டப் பேசிவிடறேன். படிக்க வந்திருந்தா இந்தப் பலகையில உட்காருங்கோ.”

உட்கார்ந்தேன்.

அவருடைய முறை எளிது. காலையில் அனுஷ்டானம் முடிந்ததும் மூலத்தைச் சொல்வார். அதே இடத்தைத் தமிழ்க் காண்டத்தில் நான் படிக்க வேண்டும். இரண்டும் எங்கே ஒட்டி நடக்கின்றன, பாண்டியர் எங்கே தம் போக்கில் விரிக்கிறார் என்று பிரித்துக் காட்டுவார். அத்தியாயம் முடிந்ததும், அது சொல்லும் இடத்துக்கு நான் நடந்துபோய் வர வேண்டும். மறுநாள் அங்கே என்ன கண்டேன் என்று கேட்பார். “என்ன தரிசனம் பண்ணினேள்?” என்று அவர் கேட்டதே கிடையாது.

திவோதாசன் கதையை இப்படித்தான் காலால் படித்தேன். பஞ்சத்தில் தவித்த பூமியை ஆள திவோதாசனைப் பிரமன் அழைக்கிறார். தேவர்கள் எல்லோரும் மண்ணை விட்டுப் போனால் ஆள்கிறேன் என்கிறான் அவன். சிவனும் காசியை விட்டு மந்தர மலைக்குப் போக நேர்கிறது. அரசன் அறம் தவறாமல் ஆள்கிறான். குற்றம் கண்டால்தானே அவனை வெளியேற்ற முடியும்? காசியைப் பிரிந்து வாடும் சிவன் யோகினிகள் 64 பேரை அனுப்புகிறார். அவர்கள் குற்றம் எதுவும் காணாமல், ஊரின் அழகில் தங்கிவிடுகிறார்கள். சூரியனை அனுப்புகிறார்; அவனும் பன்னிரண்டு உருவங்களில் அங்கேயே நின்றுவிடுகிறான். பிரமனை அனுப்புகிறார். அவர் கிழ அந்தணராக வந்து, அரசன் துணையோடு பத்து அசுவமேதம் செய்துவிட்டு அவரும் தங்கிவிடுகிறார். வேலையாகக் காசிக்குப் போன யாரும் திரும்பவில்லை.

அசிக்கு அருகே லோலார்க்க குண்டத்தின் செங்குத்தான படிகளில் இறங்கியபோது, அங்கே தங்கிவிட்ட பன்னிரண்டு சூரியர்களில் முதல்வன் இவன் என்று தெரிந்து இறங்கினேன். ஆவணி-புரட்டாசியை ஒட்டி வரும் லோலார்க்க சஷ்டியில் பிள்ளை வரம் வேண்டித் தம்பதிகள் நெருக்கியடித்து நீராடும் குளம் அது. சௌசட்டி கட்டத்தில் யோகினிகள் இருக்கிறார்கள். தசாசுவமேத கட்டத்தில் மாலை ஆரத்திக்குக் கூடும் கூட்டம் உலகறிந்தது. ஆனால் அந்தப் பத்து வேள்விகள் யாருடையவை, எதற்காக நடந்தவை என்று அங்கே நின்ற நம்மூர்க்காரர்களிடம் கேட்டேன். தெரிந்தவர் யாரும் இல்லை.

அதில் எனக்கு வருத்தம் உண்டு. நம்மவர் காசிப் பயணம் பெரும்பாலும் இரண்டு மூன்று பகல்களில் அடங்கிவிடுகிறது. பிண்டம் போடுவது, கங்கையில் முழுகுவது, விசுவநாதர், விசாலாட்சி, அன்னபூரணி, ஒரு காயும் ஒரு கனியும் விடுவது, கங்கைச் சொம்பு, பட்டுக்கடை, ரயில். பிதிர்க்கடன் பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனாலும் நம் முன்னோரில் சிறந்தவர்கள் காசிக்குப் போனது கடன் கழிக்க மட்டுமல்ல. கற்கப் போனார்கள், கற்பிக்கவும் போனார்கள். அந்த வழியை நாம் தூர்ந்துபோக விட்டுவிட்டோம் என்பதை எழுதத்தான் இந்தத் தொடரையே தொடங்கினேன்.

கேதார கட்டத்துக்குப் போனால் அந்த வழியின் தடம் இன்னும் தெரியும். வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை தீட்டிய கோயில். தமிழ்நாட்டுக் கோயிலொன்றில் நுழைந்த உணர்வு வரும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து மடம் நிறுவியவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர். தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டவர். மொகலாய ஆட்சியின் அதிகாரியோடு பேச அவருக்கு இந்துஸ்தானி தேவைப்பட்டது. அதற்காகக் கலைமகளை வேண்டிப் பாடியது சகலகலாவல்லி மாலை என்றும், சிங்கத்தின் மேலேறி அவைக்குப் போனார் என்றும் மரபு சொல்கிறது. சிங்கத்தைவிட எனக்கு அந்த வேண்டுதல்தான் பெரிதாகப் படுகிறது. பிரபந்தங்கள் பாடிய பெரும்புலவர், புதிய ஊரில் அந்த ஊர் மொழியைக் கற்கத் தாகத்தோடு நிற்கிறார். கற்ற பின் அங்கே கம்பனையும் விரித்துரைத்தார் என்பார்கள். அவர் வழிவந்த காசி மடம் பின்னாளில் திருப்பனந்தாளில் நிலைகொண்டது. கேதாரேசுவரர் கோயில் இன்றும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

கோதௌலியாவில் நகரத்தார் சத்திரம் 1813-லிருந்து இருக்கிறது. அங்கிருந்து நாள்தோறும் விசுவநாதருக்குப் பூசைப் பொருள்களைச் சுமந்துகொண்டு “சம்போ, சம்போ” என்று முழங்கியபடி போவார்கள். அந்தக் குரல் கேட்டால் ஜனம் விலகி வழிவிடும். அதே வட்டாரத்தில்தான் அகத்திய குண்டம் என்ற பகுதியும் அகத்தீசுவரர் கோயிலும் இருக்கின்றன. சத்திரத்தில் தங்கும் தமிழர்கள் காலாற நடந்தால் போய்விடலாம். அகத்தியர் அழுதுகொண்டு விட்டுப்போன இடம் அது. அவரைத் தமிழ் முனிவர் என்று கொண்டாடுகிற நாம் ஏன் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை? நான் போன வேளையில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் கூட்டம்.

காமாச்சாவுக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது சாஸ்திரிகள் புருவத்தை உயர்த்தினார். “அது காண்டத்துல இல்லையேம்மா.” ஆனால் எங்கள் பேட்டைக்குப் பெயர் தந்தவரின் பழைய வீடு அங்கேதான் இருக்கிறது.

அன்னி பெசன்ட் 1893 நவம்பரில் கொழும்பிலிருந்து வந்து இந்திய மண்ணில் முதலில் கால் வைத்தது தூத்துக்குடியில். அடையாற்றில் பிரம்மஞான சபையின் ஆண்டுக்கூட்டம் முடிந்தபின் வடக்கே போய், காசியைத் தம் ஊராக்கிக்கொண்டார். சமஸ்கிருதம் படித்தார். 1895-லேயே அவருடைய கீதை மொழிபெயர்ப்பு வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, காசிக்காரரான பகவான் தாஸுடன் சேர்ந்து சொல்லுக்குச் சொல் பொருள் பிரித்து மீண்டும் வெளியிட்டார். பிற்காலத்தில் பாரத ரத்னா பெற்ற அதே பகவான் தாஸ். 1898-ல் மத்திய இந்துக் கல்லூரி தொடங்கியது. கட்டடமும் நிலமும் தந்தவர் காசி மகாராஜா. அந்தக் கல்லூரிதான் மாளவியாவின் முயற்சியில் 1916-ல் எழுந்த காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குக் கரு.

கல்லூரிக்காகத் தொகுத்த சநாதன தர்மப் பாடநூல் வரிசையை அடையாற்றில் படித்திருக்கிறேன். சிறுவருக்கு வினாவிடை, பள்ளிக்குத் தொடக்க நூல், கல்லூரிக்கு உயர்நிலை நூல் என மூன்று படிகள். தொடக்க நூல் ஒரே இருப்பு, பிறவி, வினை, வேள்வி என்று கருத்துகளில் தொடங்கி, சடங்குகளுக்குப் போய், நடத்தையில் முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் மூல சுலோகங்கள் உண்டு. ஒரு சமயத்தை அதில் பிறந்த பிள்ளைகளுக்கே வரிசைப்படுத்திக் கற்பிக்க வேண்டும் என்ற அக்கறை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நான்கு வருணங்களுக்கு நியாயம் சொல்லும் அத்தியாயத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைக்கே அதை ஏற்காதவர்கள் இருந்தார்கள். ஆனால் காசிக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் அங்கே உட்கார்ந்து படித்து, படித்ததைப் பாடமாக்கினார் என்பதை மறுக்க மாட்டேன்.

காமாச்சாவில் பிரம்மஞான சபையின் இந்தியப் பிரிவுத் தலைமையகம் இருக்கிறது. உள்ளே மரங்கள் அடர்ந்த வளாகத்தில் சாந்தி குஞ்ச், அவர் வாழ்ந்த வீடு. அடையாறு வளாகத்தில் நடந்து பழகியவர்களுக்கு அங்கே வழி கேட்கத் தேவையில்லை. அதே நிழல், அதே அமைதி. வெளியே காசியின் இரைச்சல், பக்கத்தில் அவர் தொடங்கிய பள்ளியின் பிள்ளைகள். 1907-ல் சபைத் தலைவர் ஆல்காட் மறைந்தபின் தாமே தலைவராகி அவர் அடையாற்றுக்கு வந்தார். 1933-ல் அங்கேயே மறைந்தார்.

கல்லூரி தொடங்கிய அதே 1898-ல்தான் எட்டயபுரத்திலிருந்து சுப்பிரமணிய பாரதி காசிக்கு வந்து, அனுமான் கட்டத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். நான் தினமும் பாடத்துக்குப் போகும் சந்துக்குப் பக்கத்திலேயே அந்த வீடு. மீசையும் தலைப்பாகையும் அவருக்கு வந்தது காசியில்தான் என்பார்கள். பெசன்ட் அம்மையாரைப் பின்னாளில் ‘பொன்வால் நரி’ என்று 1914-ல் ஆங்கிலத்திலேயே கிண்டல் செய்து எழுதினார். ஒரே ஊரில் ஒரே காலத்தில் கற்ற இருவர் நேர் எதிரான முடிவுகளுக்கு வந்தார்கள் என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. காசியில் கற்பது என்றால் ஒன்றையே ஒப்புக்கொள்வது என்று பொருளில்லை. 1791-லேயே சமஸ்கிருதக் கல்லூரி தொடங்கிய ஊர் அது. எதிர்க்கட்சி வாதம் தெரியாத பண்டிதரை அங்கே மதிக்க மாட்டார்கள்.

பாடத்துக்குத் திரும்புகிறேன். சிவன் கடைசியாக அனுப்பியது விஷ்ணுவை. வருணை நதி கங்கையில் சேரும் இடத்தில் இறங்கி அவர் கால் கழுவுகிறார். அதுதான் ஆதிகேசவ கட்டம், ஊரின் வடக்கு எல்லை. ராஜ்காட்டைத் தாண்டிப் போக வேண்டும். பஞ்சதீர்த்த யாத்திரை செய்பவர்கள் அசி, தசாசுவமேதம் முடித்து அங்கே வருவார்கள். மற்றபடி கூட்டமில்லை. கோயிலை ஒட்டிய மேட்டு நிலத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் ராஜ்காட் பெசன்ட் பள்ளி. அந்தப் பள்ளிக்கும் எங்கள் பேட்டையின் பெயர்தான்! 1909-ல் அடையாற்றுக் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தி என்ற பிள்ளையைப் பெசன்ட் அம்மையார் தம் மகனாக வளர்த்தார். அந்தப் பிள்ளை 1929-ல், தம்மைக் குருவாக்க எழுந்த அமைப்பையே கலைத்தார். அவர் உட்கார்ந்து பேசிய மேட்டுக்குக் கீழேதான் புராணத்து விஷ்ணு கால் கழுவிய துறை.

அதை நான் சொன்னபோது சாஸ்திரிகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அடுத்த அத்தியாயத்தைத் திறந்தார். ஆதிகேசவத்தில் இறங்கிய விஷ்ணு அடுத்து என்ன செய்கிறார் தெரியுமா? காசிக்குச் சற்று வடக்கே போய், பௌத்தத் துறவியாக உருமாறி, புண்ணியகீர்த்தி என்ற பெயரில் உட்கார்ந்து, வேள்வியில் உயிர்க்கொலை தவறு என்று பாடம் சொல்கிறார். கருடன் அவருக்குச் சீடன். ஊரே அவர் பேச்சைக் கேட்கிறது. மக்களை வேத நெறியிலிருந்து விலக்கும் சூழ்ச்சி என்றுதான் புராணம் இதைச் சொல்கிறது. ஆனால் அந்தப் போதனையைக் கேலி செய்யாமல், பக்கம் பக்கமாகத் தெளிவாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது.

“இதை மனசுல வச்சுண்டு சாரநாத் போய்ட்டு வாங்கோ,” என்றார். “அங்க இருக்கற பிக்குகள்கிட்டயும் கேளுங்கோ. அவா என்ன சொல்றான்னு எனக்கு வந்து சொல்லணும்.”

மறுநாள் காலையில் கிளம்பினேன். அவர்கள் சொன்னது அடுத்த வாரம்.