கேள்வி கேட்ட கன்னிமரியாள்



டிசம்பர் 8ஆம் திகதி அமலோற்பவ அன்னையின் பெருவிழாத் திருப்பலியில், கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்களச் செய்தி சொன்ன நற்செய்திப் பகுதி (லூக்கா 1:26-38) வாசிக்கப்படுகின்றது. அதில் நாம் எளிதிற் கடந்துசெல்லும் ஓர் இடமுண்டு. தான் ஒரு மகனைப் பெறுவாள் என்று கேட்ட அந்த இளம்பெண், கன்னியாகிய தனக்கு இது எவ்வாறு நிகழும் என வெளிப்படையாக வினவுகின்றாள். தூதர் முகஞ்சுளிக்கவில்லை, பெண்பிள்ளை கேட்கத்தகாத கேள்வி என அவளை அடக்கவுமில்லை. பொறுமையோடு விடையளிக்கின்றார். அறிய விழைவது தூய்மைக்கு இழுக்கன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே டிசம்பரின் முதலாம் நாள், 1988ஆம் ஆண்டிலிருந்து உலக எயிட்ஸ் தினமாக நினைவுகூரப்படுகின்றது. இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1987ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அண்மைய ஆண்டுகளிற் புதிதாக இனங்காணப்படுவோருள் இளைஞர்கள் கூடுதலாக இருப்பது நம் உள்ளத்தை உறுத்த வேண்டும்.

வைத்திய வசதி இல்லாமையால் நேர்ந்த நிலை அன்று இது. அரச வைத்தியசாலைகளைச் சார்ந்த பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகவும் இரகசியம் பேணியும் வழங்கப்படுகின்றன. தாயிடமிருந்து சேய்க்கு இத்தொற்றுக் கடத்தப்படுவதை ஒழித்த நாடென, 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. கருவுற்ற தாய்மார் அனைவரையும் பரிசோதிக்க முயன்றதன் பயன் அது. அத்தாய் ஏன் பரிசோதனைக்குச் சென்றாள் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் இளைஞன் ஒருவன் அந்த நிலையத்தின் வாசலில் நின்றாலோ, ஊர் அவனுக்குத் தீர்ப்பெழுதிவிடும். நாளை வரவிருக்கும் திருமணப் பேச்சும் தடைப்படும்.

இத்தீர்ப்புக்கு அஞ்சும் பிள்ளை பரிசோதனைக்குச் செல்வதில்லை. வீட்டில் கேட்கவும் வழியில்லை. பாடசாலையில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் வரும்போது, வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் எனக் கடந்துசெல்லும் ஆசிரியரும் உளர். மகளின் சாமத்தியச் சடங்கை ஊரழைத்து நடத்துகின்றோம். அவளது உடலிலும் உள்ளத்திலும் நிகழும் மாற்றத்தை விளக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவதில்லை. மகனுக்கோ அச்சடங்கும் இல்லை, சொல்லும் இல்லை. ஈற்றில் இருவருக்கும் ஆசானாவது கைத்தொலைபேசியே. இந்த மௌனத்தைக் கற்பின் காவல் என எண்ணுகின்றோம். உண்மையில் அது காவலற்ற வீடு.

பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்டனர் (யோவான் 9). இயேசு அக்கேள்வியையே மறுத்து, அவனுக்குப் பார்வையளித்தார். நாமோ இன்றும் அச்சீடர்களின் கேள்வியிலேயே நிற்கின்றோம். 2016ஆம் ஆண்டில் வடமேல் மாகாணத்தில், எச்.ஐ.வி. உண்டென்ற வதந்தியால் ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவுகள் மூடப்பட்டமை நாடறிந்ததே. தொற்று இல்லையெனப் பரிசோதனை காட்டிய பின்னும் அச்சம் தணியவில்லை. இருந்திருந்தாலுங்கூட அவனை விலக்க நியாயமில்லை.

பெற்றோரே, திருச்சபை இவ்விடயத்தில் உங்களை மௌனமாயிருக்கச் சொல்லவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு ஏற்ற பாலியற் கல்வி வேண்டுமென 1965ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டிற் போதித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ ஊக்கவுரையும் அதனை வலியுறுத்துகின்றது.

ஆகவே பேசுங்கள். பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள குருதி, பகிர்ந்து பயன்படுத்தும் ஊசி ஆகியவற்றின் மூலமும் தாயிடமிருந்து சேய்க்கும் இது பரவும் என்று சொல்லுங்கள். கைகுலுக்குவதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, நுளம்பு கடிப்பதாலோ பரவாது என்றும் சொல்லுங்கள். ஒழுங்காக மருந்தெடுத்து, குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையைப் பேணுபவரிடமிருந்து பாலுறவால் பிறருக்குத் தொற்றாது என்பதையும் அறியச் செய்யுங்கள். திருமணத்துக்கு முன் கற்பும், திருமணத்திற் பிரமாணிக்கமும் காக்கும்படி சொல்லும்போது அச்சுறுத்தாதீர்கள். உடல் தூய ஆவியாரின் ஆலயம் (1 கொரிந்தியர் 6:19) என்ற மாண்பை எடுத்துரையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறினாலும் முதலில் எம்மிடம் வா, பரிசோதனைக்கு நாமே கூட வருகின்றோம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

இவ்வாரம் குடும்ப செபமாலைக்குப் பின் சிறிது நேரம் பிள்ளைகளோடு அமர்ந்திருங்கள். அவர்கள் கேட்டால் முகஞ்சுளியாதீர்கள். கேள்வி கேட்ட கன்னிமரியாள் உங்கள் இல்லங்களுக்குத் துணையிருப்பாளாக. ஆமென்.