அடுப்புச் சாம்பலும் எலுமிச்சம்பழமும்: வீட்டுத் துப்புரவுக்கு எது எதற்கு உதவும்?

சவர்க்காரம், சலவைத் தூள், தரை கழுவும் மருந்து என்று மாதா மாதம் கடைச் சிட்டையில் ஏறும் கணக்கு எல்லாருக்கும் தெரியும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இவற்றின் விலை ஏறியதை எந்த லயத்திலும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டுத் துப்புரவில் பாதி வேலைக்குத் தேவையான சாமான் நம்ம குசினியிலேயே இருக்கிறது. எதை எதற்குப் போடுவது, எதை எதோடு சேர்க்கவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சாம்பல், அப்பச்சோடா போன்ற காரப் பொருள் வேண்டும். செம்பு, பித்தளையில் பிடிக்கும் களிம்புக்கும் இரும்புத் துருவுக்கும் புளி, எலுமிச்சம்பழம், வினாகிரி போன்ற புளிப்புப் பொருள் வேண்டும். புளியை வைத்துப் பிசுக்கை எடுக்கப் பார்த்தால் கை வலிதான் மிச்சம்.

விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரம் மாதிரியே வேலை செய்யும். அதனால்தான் தேங்காய்த் தும்பில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் பிசுக்கு கழன்று வருகிறது. சாம்பலைச் சலித்து எடுங்க. கரித்துண்டும் ஆணியும் கிடந்தால் பாத்திரம் கீறிவிடும். பிளாஸ்டிக், பொலித்தீன் எரித்த அடுப்புச் சாம்பலைப் பாத்திரத்துக்குத் தொடவே வேண்டாம். இன்னொரு பழைய வழியும் உண்டு. விறகு அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் சட்டியின் வெளிப்பக்கத்தில் களிமண்ணைக் கரைத்து மெல்லிசாகப் பூசிவிட்டால், கரி மண்ணில்தான் பிடிக்கும். கழுவும்போது மண்ணோடு போய்விடும்.

அலுமினியச் சட்டி விஷயம் வேறு. அதில் சாம்பலோ அப்பச்சோடாவோ போட்டு ஊற வைத்தால் காரம் அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கும். உள்பக்கம் கறுத்த சட்டியில் தண்ணீர் விட்டு, பிழிந்த எலுமிச்சந்தோலையோ கொஞ்சம் புளியையோ போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க வைங்க, வெளுத்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புளிக்குழம்பையும் ஊறுகாயையும் அலுமினியத்தில் வைத்திருப்பதும் நல்லதல்ல, புளிப்பு அதையும் கரைக்கும்.

குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் போதும். தேய்த்தபின் நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைக்காவிட்டால் மறுபடி பச்சைக் களிம்பு பிடிக்கும். தேத்தண்ணிக் கோப்பையில் படிந்த சாயத்துக்கு ஈரத் துணியில் கொஞ்சம் அப்பச்சோடா அல்லது உப்பு. வடித்த தேயிலைச் சக்கையை ஈரம் போகப் பிழிந்து தரையில் தூவிக் கூட்டினால் தூசு பறக்காது. இருமல்காரர் உள்ள வீட்டில் இது பெரிய உதவி.

கொழுந்து பறிக்கிறவங்க விரலில் பிடிக்கும் கறுப்புக் கறைக்கு எலுமிச்சம்பழம் தேய்ப்பது வழக்கம். கறை போகும். ஆனால் வெடிப்பு உள்ள விரலில் எரியும். சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றால் தோல் கறுத்துப் புண்ணாகவும் கூடும். ஆகவே மாலையில் வேலை முடிந்து வந்து தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க.

சீமெந்துத் தரைக்கு வினாகிரியோ எலுமிச்சம்பழமோ வேண்டாம். புளிப்பு சீமெந்தை அரித்துவிடும். சுவரில் பூஞ்சணம் இருந்தால் துடைத்துக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கலாம். கூரை ஒழுகினால் மட்டும் எதைப் பூசினாலும் அது திரும்பி வரும். அதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லித் தகரத்தைத்தான் மாற்ற வேண்டும், எலுமிச்சம்பழம் என்ன செய்யும்?

"அப்பச்சோடாவுல வினாகிரி ஊத்துனா நொரை பொங்குதே அக்கா, அது நல்லா சுத்தமாக்கும்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் புளிப்பும் ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். இரண்டையும் தனித்தனியாகப் பாவியுங்கள்.

இவை எல்லாம் அழுக்கைத்தான் எடுக்கும், நோய்க்கிருமியைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. வீட்டில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் கைக்குச் சவர்க்காரம், குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர், கக்கூசுக்கு பிளீச்சிங் பவுடர், இவை கட்டாயம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு வினாகிரி, எலுமிச்சம்பழம், கக்கூஸ் கழுவும் அசிட் எதையும் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கக்கூசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பவருக்கு அது உயிராபத்து.

மருந்தடிக்கிற வெறும் போத்தல், கேன்களில் வினாகிரி, எண்ணெய், தண்ணீர் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் நஞ்சு பிளாஸ்டிக்கில் ஊறியே இருக்கும். மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் வைக்க வேண்டாம், பிள்ளைகள் குடிக்கிற சாமான் என்று நினைத்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குளோரின் புகை பட்டவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். இரண்டுக்கும் தோட்ட டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பிவிட்டு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். குடித்த போத்தலையும் கையோடு கொண்டு போங்க, டாக்டர் கேட்பார்.