கமர்கட்டுக்கு ஊர் இல்லை

சாப்பாட்டுப் பிரியர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு மூன்று தடத்தில் ஓடும். முதலில் பக்குவம்: வத்தக்குழம்பில் நல்லெண்ணெயை எப்போது ஊற்றுவது, ரசத்தைக் கொதிக்க விடலாமா, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டுமா. அடுத்து பள்ளிக்கூட வாசல்: இலந்தை வடை, ஜவ்வு மிட்டாய், தேன் மிட்டாய், கமர்கட்டு. மூன்றாவது கடை: எந்த ஊரில், எந்தச் சந்தில், எத்தனை மணிக்குப் போனால் எது சூடாகக் கிடைக்கும். சண்டை வருவது இந்த மூன்றாவதில்தான். "இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லீங்க" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் அந்தச் சபை கலைந்ததாகச் சரித்திரமே கிடையாது.

பக்குவத்தைப் பற்றித் தமிழில் எழுத்து நிறைய இருக்கிறது. கடையைப் பற்றிக் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட தின்பண்டத்தைப் பற்றித்தான் விசித்திரமான நிலை. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏங்குகிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

சமையலை எழுத்துக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதற்கு எஸ். மீனாட்சி அம்மாளின் கதை சாட்சி. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். செய்முறை கேட்டு உறவுக்காரப் பெண்கள் கடிதம் போடுவார்கள். இவர் உட்கார்ந்து பதில் எழுதுவார். இதைக் கவனித்த உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர், எல்லாவற்றையும் தொகுத்துப் புத்தகமாகப் போடச் சொன்னார். 1951-ல் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது. பிறகு இன்னும் இரண்டு பாகங்கள், ஆங்கிலப் பதிப்பு, பிற மொழிப் பதிப்புகள். கல்யாணமாகி வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போகிற பெண்ணின் பெட்டியில் அந்தப் புத்தகமும் இருக்கும் என்ற வழக்கம் தலைமுறை தாண்டியது.

அந்தப் புத்தகத்தின் பலம் அதன் அளவுகள். வீட்டுச் சமையலில் அளவு என்பது கண்ணிலும் கையிலும் இருப்பது. "உத்தேசமா போடு" என்பார்கள். அச்சிட்ட சமையல் குறிப்புகளிலும் 'உப்பு – தேவையான அளவு' என்ற மூன்று சொற்களுக்குள் பலர் ஒளிந்துகொள்வார்கள். தேவை எவ்வளவு என்று தெரிந்தவளுக்குப் புத்தகம் எதற்கு? மீனாட்சி அம்மாள் முதன்முறை அடுப்படிக்குள் நுழைகிறவளை மனத்தில் வைத்து எழுதினார். இத்தனை பேருக்கு இவ்வளவு பருப்பு, இவ்வளவு புளி, இன்ன வரிசையில் வேலை என்று பிரித்தார். 1951-ல் கிராமும் லிட்டரும் கடைத்தெருவுக்கு வந்திருக்கவில்லை. பலம், வீசை, ஆழாக்கு, படிதான் புழக்கம். ஒரு பலம் இன்றைய கணக்கில் சுமார் 35 கிராம். 40 பலம் சேர்ந்தால் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. எட்டு ஆழாக்கு ஒரு படி. 1950-களின் இறுதியில் மெட்ரிக் முறை வந்து எல்லாவற்றையும் மாற்றியது. பழைய அளவில் எழுதிய குறிப்பைப் புது அளவுக்கு மாற்றும் வேலையைப் பல வீடுகளில் பெண்களே பக்க ஓரத்தில் பென்சிலால் செய்துகொண்டார்கள்.

அதே சமயம், அது ஒரு சமூகத்தின் சைவச் சமையலறை. மற்ற சமையலறைகள் அச்சேறக் காத்திருக்க வேண்டியிருந்தது. கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் செட்டிநாட்டுச் சமையலைப் புத்தகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தார். மல்லிகா பத்ரிநாத் சிறு சிறு புத்தகங்களாக எழுதிக் குவித்தார். ஜேக்கப் சகாயகுமார் அருணி கொங்கு நாட்டுப் பக்குவங்களைத் தேடி அலைந்து, 'ஆஹா என்ன ருசி' நிகழ்ச்சியின் வழியே வீடு வீடாகச் சேர்த்தார். 2012-ல் இளம் வயதிலேயே காலமானார். பெண்கள் பத்திரிகைகள் '30 வகை' இணைப்புகளைத் தந்தன. முப்பது வகை சட்னியில் பன்னிரண்டாவதைத் தாண்டியதும் ஆசிரியர் குழு படும் பாடு வாசகருக்கே தெரியும். ஆனாலும் அந்த இணைப்புகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த வீடுகள் எத்தனையோ.

2018-ல் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து வேறொரு அலை கிளம்பியது. தாத்தா பெரியதம்பியும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி ஆரம்பித்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அதே ஆண்டு ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு காளான் பிரியாணி சாப்பிட்டார். ஒவ்வொரு பொருளையும் அண்டாவில் போடும்போது அதன் பெயரை ஓங்கிக் கூவுவது அவர்கள் பாணி. மிளகாய், மல்லி, மஞ்சள் என்று பொருளின் பெயர்தான் காதில் விழும். நாலு பேருக்குச் சமைக்க எவ்வளவு போடுவது என்பது விழாது. அவர்களும் அதற்காக எடுக்கவில்லை. பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் அதைச் சமைக்கப் போவதுமில்லை. சமைக்கிறதைப் பார்ப்பதே பசியாற்றுகிறது. மீனாட்சி அம்மாளின் புத்தகம் அடுப்படியில் எண்ணெய்க் கறை படிந்து கிடக்க, இந்தக் காணொளிகள் சாப்பிடும் தட்டுக்கு எதிரே ஓடுகின்றன.

தின்பண்டத்துக்கு வருவோம்.

கடலை மிட்டாய் என்றதும் கோவில்பட்டி என்று வாய் சொல்லும். தீப்பெட்டித் தொழிலுக்கும் பெயர்போன கரிசல் ஊர். அங்கே முன்பெல்லாம் திருவிழாச் சமயத்தில் கடலையைக் கருப்பட்டிப் பாகில் கலந்து விற்றிருக்கிறார்கள். 1940-களில் பொன்னம்பல நாடார் என்ற கடைக்காரர் கருப்பட்டிக்குப் பதிலாகக் கரும்பு வெல்லத்தைப் பயன்படுத்திச் செய்ய ஆரம்பித்தார். திருவிழாப் பண்டம் நாள்தோறும் விற்கும் சரக்கானது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். கடலையை வறுத்து, தோல் நீக்கி, பருப்பாக உடைத்து, பதம் பார்த்து இறக்கிய பாகில் கொட்டிக் கிளறி, மரப் பலகையில் பரப்பி, உருளை ஓட்டிச் சமப்படுத்தி, சூடு ஆறுவதற்குள் வெட்ட வேண்டும். பாகில் திரவக் குளுக்கோஸும் சேர்கிறது. சில கடைகளில் மேலே ரோஸும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயமேற்றிய தேங்காய்த் துருவல் தூவுவார்கள்.

இந்த விவரமெல்லாம் எங்கே கிடைக்கிறது? பெரும்பகுதி, உணவுப் பக்கங்களில் இல்லை. அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய் உற்பத்தியாளர்கள் சங்கம் புவிசார் குறியீடு கேட்டு 2014-ல் விண்ணப்பித்தது. 2020 ஏப்ரலில் கிடைத்தது. இந்தியா முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கிறவர்கள், பண்டம் எந்த ஊரைச் சேர்ந்தது, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, எந்தப் படிநிலையில் எப்படிச் செய்கிறார்கள், வேறு ஊரில் செய்தால் ஏன் அப்படி வராது என்பதை எழுதித் தர வேண்டும். குமாஸ்தா நடையில் எழுதப்பட்ட அந்த விண்ணப்பங்கள், ரசனையோடு எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட அதிகம் சொல்கின்றன.

மணப்பாறை முறுக்கு இன்னொரு உதாரணம். திருச்சி – திண்டுக்கல் ரயில் பாதையில் ஜன்னலோரம் நீட்டப்பட்டே பேர் வாங்கிய பண்டம் அது. அரிசி மாவு, ஓமம், எள், சீரகம் என்று சரக்கில் ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு விஷயங்கள்தான் அதைத் தனியாக நிறுத்துகின்றன. ஒன்று, அந்த ஊர்த் தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் உப்புத்தன்மை. மற்றொன்று, இருமுறை பொரிப்பது: பாதி வெந்ததும் எடுத்து ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போடுகிறார்கள். அந்த மொறுமொறுப்பு இப்படித்தான் வருகிறது. 2023-ல் அதற்கும் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனி பஞ்சாமிர்தமும் 2019-லேயே பெற்றுவிட்டன. தமிழ்நாட்டில் குறியீடு பெற்ற முதல் கோயில் பிரசாதம் பஞ்சாமிர்தம்.

குறியீடு கிடைத்த அன்று பத்திரிகைகள் ஊர்ப் பெருமையாகச் செய்தி போட்டன. மறுநாள் விட்டுவிட்டன. பலகை முன்னால் நின்று சூட்டோடு சூடாக வெட்டுகிறவருக்குக் கூலி எவ்வளவு, கடலை விலை ஏறும்போது மிட்டாயின் விலை ஏறுகிறதா, துண்டு சிறுக்கிறதா என்ற கேள்விகள் கேட்கப்படாமல் கிடக்கின்றன. உணவுப் பத்திரிகை எழுத்தில் இதுதான் பெரிய ஓட்டை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த மங்கலான பல்பை விடவே மாட்டார்கள். சாயங்காலம் திறந்ததும் நிற்கும் வரிசையையும் விடமாட்டார்கள். கோதுமையை எவ்வளவு நேரம் ஊறவைத்துப் பால் எடுக்கிறார்கள், அதைக் கிண்டுகிறவரின் தோள் என்ன ஆகிறது என்று கேட்டவர் அரிது.

விதிவிலக்குகள் உண்டு. தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழக'த்தில் தமிழர் உணவைப் பற்றியும், சோற்றைக் காசுக்கு விற்பது என்ற வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பற்றியும் எழுதினார். அவர் எழுதியது ருசிக் கட்டுரை இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு ஓட்டல் இலை முன்னால் உட்காருவது வேறு அனுபவம். பத்திரிகையாளர் சமஸின் 'சாப்பாட்டுப் புராணம்' சின்னச் சின்னக் கடைகளின் பண்டங்களோடு அவற்றை நடத்துகிறவர்களையும் பேச வைத்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் கரிசல் வாழ்க்கையை எழுதும்போது கம்மங்கஞ்சியும் துவையலும் தானாக வந்து உட்கார்ந்தன.

பத்திரிகைக்கும் தின்பண்டத்துக்கும் மிக நெருங்கிய உறவு ஒன்று இருந்தது. அது எழுத்தால் வந்ததல்ல, காகிதத்தால் வந்தது. பஜ்ஜியின் எண்ணெயை உறிஞ்சிய தாளில் பாதித் தலையங்கம் படித்துக்கொண்டே சாப்பிட்டவர்கள் ஏராளம். அச்சு மை உடம்புக்குக் கேடு என்பதால், உணவைச் செய்தித்தாளில் மடிப்பதை 2018-ன் பொதிவு விதிமுறைகள் தடை செய்தன. தள்ளுவண்டிகளில் அந்தத் தடை எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதை மாலை ஆறு மணிக்கு எந்தத் தெருமுனையிலும் பார்க்கலாம்.

ஏக்கத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வைத்த இன்னொரு சம்பவம் 2024 பிப்ரவரியில் நடந்தது. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி கலந்திருப்பது ஆய்வில் தெரிந்து முதலில் புதுச்சேரி தடை போட்டது. சில நாட்களில் தமிழ்நாடும் போட்டது. ரோடமின்-பி துணிக்கும் மற்றத் தொழில்களுக்கும் பயன்படும் சாயம். திருவிழாவின் நிறமே அந்த ரோஸ்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. சாயம் சேர்க்காத பஞ்சு மிட்டாய் வெள்ளையாக இருக்கும். குழந்தைகள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது விற்கிறவர்களின் கஷ்டம். 'அந்தக் காலத்துச் சுத்தமான பண்டம்' என்று பேசுகிறவர்கள், அந்தக் காலத்தில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

புவிசார் குறியீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஊர் வேண்டும். ஊரோடு, விண்ணப்பிக்க ஒரு சங்கமும் வேண்டும். இங்கேதான் பெட்டிக்கடைப் பண்டங்கள் அனாதையாகின்றன. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் அரைத்து, நிறம் சேர்த்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் போடுவது தேன் மிட்டாய். எந்த ஊர் அதற்கு உரிமை கொண்டாடும்? காய்ந்த இலந்தைப் பழத்தை வெல்லம், மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு இடித்துத் தட்டி வெயிலில் உலர்த்தும் இலந்தை வடை எல்லாச் சந்தைக்கும் சொந்தம். ஜவ்வு மிட்டாய்க்காரர் மூங்கில் கம்பின் உச்சியில் கைதட்டும் பொம்மையோடு, கம்பில் சுற்றிய மிட்டாயை இழுத்துக் குழந்தையின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவருக்குச் சங்கம் ஏது, விண்ணப்பம் ஏது?

கமர்கட்டும் இதே கதைதான். ஆகவே ஏக்கத்தோடு செய்முறையையும் எழுதி வைப்பது நல்லது. துருவிய தேங்காய் ஒரு கிண்ணம், பொடித்த வெல்லம் ஒரு கிண்ணம். வெல்லத்தைக் கால் கிண்ணம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடி கனமான சட்டியில் காய்ச்ச வேண்டும். தேங்காயைத் தனியாக ஈரம் போக வறுத்து வைத்துக்கொள்ளலாம். ஈரம் இருந்தால் உருண்டை நாலு நாளில் கெட்டுவிடும். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் கல் விழுந்தது போலச் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் தேங்காய் பர்பியாகும், பின்னால் இறக்கினால் கரிந்த வாடை வரும். தேங்காயும் ஏலக்காய்த்தூளும் கொட்டிக் கிளறி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்கி, கையில் நெய் தடவிக்கொண்டு கைபொறுக்கும் சூட்டிலேயே கோலிக்குண்டு அளவில் உருட்ட வேண்டும். ஒருவர் தனியாக உருட்டினால் பாதியிலேயே இறுகிவிடும். துணைக்கு இன்னொரு ஜோடிக் கை இருப்பது நல்லது.