நாயின் முழங்காற் சில்லு

சரவணம்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு பொமரேனியன் நாய் இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நான்கைந்து அடி நொண்டும். பிறகு அந்தக் காலைப் பின்புறமாக ஓர் உதறு உதறிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் ஓடும். தெருப் பிள்ளைகள் சிரிப்பார்கள். "அது விளையாட்டுக்குப் பண்ணுதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

விளையாட்டு அன்று. முழங்காற் சில்லு தன் பள்ளத்தைவிட்டு விலகி, உதறும்போது மீண்டும் உள்ளே விழுகிறது.

தொடையின் முன்புறத் தசைதான் முழங்காலை நீட்டுகிறது. அதன் நாண் மூட்டைக் கடந்து கணைக்கால் எலும்பின் முன்மேட்டைப் பற்றுகிறது. அந்த நாணின் நடுவே பதிந்துள்ள சிறு எலும்பே சில்லு. தொடையெலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்தில் அது மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். சில்லு எதற்கு? கதவைக் கீலுக்கு அருகில் தள்ளிப் பாருங்கள், எளிதில் அசையாது. விளிம்பில் தள்ளினால் விரல் போதும். சில்லும் நாணை மூட்டின் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவதால், அதே இழுப்பு அதிகத் திருப்புத்திறனைத் தருகிறது.

நம் கொங்கு நாட்டில் முன்பு மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். வடம் உருளையின் பள்ளத்தில் ஓடும். மாடு நேராக இழுக்கும்வரை தொல்லையில்லை. ஒதுங்கி இழுத்தால் வடம் பள்ளத்தின் கரையில் ஏறும். பள்ளம் ஆழமில்லையென்றால் வெளியே வந்துவிடும். நாயின் காலிலும் இதே கதைதான். கணைக்கால் எலும்பின் மேடு உட்புறம் திரும்பியிருந்தால், சில்லின் மேலும் கீழும் உள்ள இழுவிசைகள் ஒரே கோட்டில் அமையா. இரண்டும் சமம் என்றும், கோணம் 10 பாகை விலகியுள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். பக்கவாட்டு விசை 2 × சைன் 5°, அதாவது இழுவிசையில் 0.17 பங்கு. தசை 6 கிலோ எடைக்கு இழுத்தால், சுமார் ஒரு கிலோ எடைக்குச் சில்லு ஒவ்வோர் அடியிலும் பக்கவாட்டில் தள்ளப்படும்.

சிறிய இன நாய்களில் சில்லு பெரும்பாலும் உட்புறமே விலகும். அடிபட்டும் இது வரலாம். ஆனால் பெரும்பாலும் பிறவி அமைப்பே காரணம். மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிப்பர். முதல் நிலையில் கையால் தள்ளினால் விலகும், விட்டால் திரும்பும். இரண்டாவதில் நடக்கும்போதே தானாக விலகும், திரும்பும். மூன்றாவதில் எப்போதும் வெளியே இருக்கும். கையால் உள்ளே தள்ளினாலும் நிலைக்காது. நான்காவதில் தள்ளவும் முடியாது. முதல் நிலைக்கு எடைக் கட்டுப்பாடும் அளவான நடையும் பொதுவாகப் போதும். அடிக்கடி நொண்டினாலோ, நிலை முற்றினாலோ அறுவை செய்வர். பள்ளத்தை ஆழப்படுத்துவதும், கணைக்கால் மேட்டை வெட்டி நேர்கோட்டுக்கு நகர்த்திக் கம்பியால் பொருத்துவதும் அதில் முக்கியமானவை. உருளையைச் சரிசெய்யும் தச்சரும் இதைத்தானே செய்வார்!

குட்டியாக இருக்கும்போதே காட்டுவது நல்லது. வளரும் எலும்பு கோணல் இழுப்புக்கு ஏற்பவே வளையும், குருத்தெலும்பும் தேயும். எண்ணெய் தடவி உருவிக் கட்டுப்போட்டால் பள்ளம் ஆழமாகிவிடாது. அதைவிடக் கெடுதல், வீட்டிலுள்ள வலி மாத்திரையைக் கொடுப்பது. மனிதருக்கான இபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எங்கள் தெரு நாய்க்கு இரண்டாம் நிலை என்றார் கால்நடை மருத்துவர். எடையைக் குறைக்கச் சொன்னார். இது பரம்பரையாகத் தொடரக்கூடியது, ஆகவே இனப்பெருக்கம் வேண்டாம் என்றும் சொன்னார். குட்டிகளைத் தருவதாக நான்கு வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்த வீட்டுக்காரருக்கு அதுதான் வருத்தம். தினமும் காலையில் தேநீரில் நனைத்துப் போட்டுவந்த வர்க்கியை மட்டும் அன்றே நிறுத்திவிட்டார்.