அல்வா கிண்டும் கையும் விமானத்தின் கவர்னரும்

அல்வா கிண்டிப் பழகியவருக்கு விமானத்தின் கவர்னரைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிச் சாமான் வாங்கி வந்த மறுநாள், பெரிய வாணலியை ஏற்றி அம்மா அல்வா கிண்டுவார். பால் தண்ணீராக இருக்கும்வரை கரண்டியின் அகலமான முகத்தால் தள்ளுவார். இறுக இறுக, கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புப் பக்கம் திருப்பிக்கொள்வார். கை சுற்றும் தாளம் மட்டும் மாறாது. தாளம் தளர்ந்தால் அடிபிடிக்கும். மிஞ்சினால் கொதிக்கிற பால் கையில் தெறிக்கும்.

சிறு விமானத்தின் முன்னால் சுழலும் புரொப்பெல்லருக்கும் இதே கணக்குதான். கை இருக்குமிடத்தில் இஞ்சின், கரண்டி இருக்குமிடத்தில் புரொப்பெல்லரின் இறக்கை, பாலுக்குப் பதில் காற்று. ஓடுபாதையில் கிளம்பும்போது இறக்கை காற்றை மெல்லிசாக வெட்ட வேண்டும். அப்போதுதான் இஞ்சின் முழுச் சுற்றுக்கு வந்து முழுப் பலத்தைக் கொடுக்கும். மேலே ஏறி வேகம் பிடித்த பிறகு எதிர்க்காற்று வேகமாக வருவதால் இறக்கைக்குச் சுமை குறைகிறது. அப்படியே விட்டால் இஞ்சின் தறிகெட்டு ஓடும். அப்போது இறக்கையை அகலப் பிடித்து, ஒவ்வொரு சுற்றிலும் நிறையக் காற்றைத் தள்ள வைக்க வேண்டும். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் இறக்கை ஒரே சாய்வில் அமைக்கப்பட்டிருக்கும். செஸ்னா 182, பைப்பர் ஆரோ போன்றவற்றில் சாய்வு பறக்கும்போதே மாறும். மாற்றுவது கவர்னர். உள்ளங்கையில் அடங்காத, இரண்டு கையால் தாராளமாகத் தூக்கிவிடக்கூடிய ஓர் உலோகக் குடுவை.

உள்ளே என்ன நடக்கிறது? மோர் கடையும்போது மத்தின் வேகம் கூடினால் மோர் பானையின் ஓரத்தில் ஏறி, நடுவில் குழி விழுமே, அதுதான் கவர்னரின் மூளை. மோருக்குப் பதில் இரண்டு சிறு எடைகள். இஞ்சினின் பல்சக்கரம் அவற்றைச் சுழற்றுகிறது. வேகம் கூடினால் அவை வெளிப்பக்கம் விரிகின்றன, குறைந்தால் ஒடுங்குகின்றன. விரியவிடாமல் மேலிருந்து ஒரு சுருள்வில் அழுத்துகிறது, குக்கர் விசில்மேல் உட்கார்ந்திருக்கும் எடையைப் போல. அந்த வில்லை எவ்வளவு இறுக்குவது என்பது விமானியின் கையில் இருக்கிறது. விமானி அறையில் நீலத் தலையுடன் நிற்கும் நெம்புகோல் அதற்குத்தான். நீலத்தை முன்னே தள்ளினால் வில் இறுகும், இஞ்சின் அதிகச் சுற்றில் ஓடும். பின்னே இழுத்தால் வில் தளரும், சுற்று குறையும். எடையின் விரிவும் வில்லின் அழுத்தமும் சமமாக நிற்கும் இடம்தான் விமானி கேட்ட வேகம். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இஞ்சினில் சுழலவிட்ட இரண்டு குண்டுகளின் வம்சம் இது.

வேகம் தவறினால் திருத்துவதற்குப் பலம் வேண்டும். அதைத் தருவது முறுக்கு உரல் போன்ற எண்ணெய் அழுத்தம். இஞ்சின் எண்ணெயைக் கவர்னருக்குள் இருக்கும் ஒரு சிறு பம்ப் வாங்கி, சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு அளவுக்கு அழுத்தம் ஏற்றுகிறது. கார் டயரில் இருப்பது 30 பவுண்டு சொச்சம்தான். வேகம் மிஞ்சி எடைகள் விரிந்தால் நடுவிலுள்ள வால்வு மேலே ஏறும், எண்ணெய் புரொப்பெல்லரின் மையக் குடத்துக்குள் பாயும், அங்குள்ள பிஸ்டன் நகர்ந்து இறக்கைகளை அகலத் திருப்பும். சுமை கூடும், வேகம் இறங்கும். வேகம் குறைந்தால் வால்வு கீழே வந்து எண்ணெயை வடியவிடும், இறக்கை மெல்லிசாகும். சரியான வேகத்தில் வால்வு வழியை மூடிக்கொண்டு சும்மா நிற்கும்.

ஒற்றை இஞ்சின் விமானங்களில் பெரும்பாலும் இப்படித்தான். இரட்டை இஞ்சினில் அநேகமாகத் தலைகீழ்: எண்ணெய் போய்விட்டால் இறக்கை காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். நின்றுபோன இஞ்சின் விமானத்தை இழுத்துப் பிடிக்கக் கூடாதல்லவா? பிரிக்பீல்ட்ஸிலிருந்து பினாங்குக்கு சுபாங் வழியாகப் போகிறவர்கள் ஏடிஆர் 72 விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஆறு இறக்கைகள் இப்படிச் சாய்வை மாற்றிக்கொண்டிருக்கும். அங்கே கட்டுப்பாடு மின்னணு, தத்துவம் ஒன்று. 1965இல் திறந்த சுபாங் விமான நிலையத்திலிருந்து பெரிய விமானங்கள் 1998இல் செப்பாங்குக்குப் போய்விட்டன. 2024இல் பயணிகள் ஜெட் சேவை திரும்பும்வரை அந்த ஓடுபாதையின் அன்றாடச் சத்தம் புரொப்பெல்லர் சத்தம்தான். என் காது வளர்ந்ததும் அந்தச் சத்தத்தில்தான்.

கவர்னரைக் கழற்றிப் பொருத்தும் என் வேலைக்கு வருவோம். சுற்று நிலையாக நிற்காமல் ஏறி இறங்கி அலைந்தாலோ, அடித்தட்டில் எண்ணெய் கசிந்தாலோ, நீல நெம்புகோலுக்கு இஞ்சின் சோம்பலாகப் பதில் சொன்னாலோ கவர்னர்மேல் சந்தேகம் வரும். உடனே கழற்றிவிடக் கூடாது. நெம்புகோலிலிருந்து வரும் கட்டுப்பாட்டுக் கம்பி எங்காவது இறுகிக்கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பியின் குற்றத்துக்குக் கவர்னர் தண்டனை அனுபவிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மேக்னெட்டோ சுவிட்சு அணைந்திருக்கிறது என்று உறுதிசெய்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் சுற்றுப்புறத்தைத் துடைக்க வேண்டும். ஊறுகாய் ஜாடியைத் திறக்கும் முன் மூடியைத் துடைக்கிறோமே, அதே காரணம்தான்: வெளித்தூசி உள்ளே விழக் கூடாது. கம்பியைப் பிரித்து, நான்கு நட்டுகளைக் கழற்றி, கவர்னரை நேராக வெளியே இழுக்க வேண்டும். எண்ணெய் சொட்டும், கீழே தட்டு இருக்கட்டும். இஞ்சின் பக்கத்துத் துளையை உடனே மூட வேண்டும்.

அடித்தட்டில் இருக்கும் பழைய கேஸ்கட்டை உடனே தூக்கி எறியாதீர்கள். அதில் தேநீர் வடிகட்டி போல ஒரு சிறு வலை இருக்கிறது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வலையில் கரி படிந்திருந்தால் ஒரு கதை. உலோகப் பொடி மினுங்கினால் வேறு கதை: எங்கோ ஏதோ தேய்கிறது, கவர்னரை மட்டும் மாற்றிவிட்டு விமானத்தை அனுப்பக் கூடாது. பொடி புரொப்பெல்லர் குடத்துக்குள்ளும் போயிருக்கும்.

கவர்னரின் உடலைப் பட்டறையில் நாம் பிரிப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற பழுதகத்தில்தான் பல்சக்கரம், வால்வு, தாங்கி எல்லாவற்றையும் அளந்து, சீல்களை மாற்றி, சூடான எண்ணெயில் சோதனை மேசைமேல் ஓட்டிப் பார்ப்பார்கள். பொதுவாக இஞ்சின் முழுச் சீரமைப்புக்குப் போகும்போது கவர்னரையும் கூடவே அனுப்புவது நல்ல வழக்கம்.

திரும்பப் பொருத்தும்போது புதுக் கேஸ்கட் கட்டாயம். வலையின் புடைத்த பக்கம் கவர்னரைப் பார்க்க வேண்டும், இஞ்சினை அல்ல. பயிற்சிக் காலத்தில் இதை நான் தலைகீழாக வைத்தேன். மூத்த டெக்னீஷியன் அண்ணன் ஒன்றும் பேசாமல் என் விரலைப் பிடித்து வலையின் புடைப்பைத் தடவவைத்தார். இன்றும் கண்ணால் பார்த்த பிறகு விரலாலும் தடவிப் பார்க்கிறேன். பல்லிட்ட தண்டு இஞ்சினின் பற்களோடு தானாகப் பொருந்தி, கவர்னர் அடித்தட்டில் சமமாக உட்கார வேண்டும். இடைவெளி இருக்கும்போது நட்டை முறுக்கி இழுத்து உட்காரவைப்பது பெரிய தவறு; உள்ளே பல் உடையும். நட்டுகளை எதிரெதிராக, கையேடு சொல்லும் முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். நீல நெம்புகோலை முழுதாக முன்னே தள்ளினால், அது தன் எல்லையில் முட்டும் முன்பே கவர்னரின் கை தன் தடையைத் தொட வேண்டும். மிச்சம் இருக்கும் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் நமக்கு நம்பிக்கை.

அதிகபட்சச் சுற்றைத் தீர்மானிக்கும் திருகைத் தொடப் பலருக்குக் கை துறுதுறுக்கும். நிறுத்திவைத்து ஓட்டும்போது ஆரோவில் 2700 சுற்று வரவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் கவர்னரிடம் இல்லை. தரையில் இறக்கை தன் மெல்லிய எல்லையில் முட்டி நிற்கிறது. கவர்னருக்கு அங்கே வேலையே தொடங்கவில்லை. பறந்து பார்த்த பிறகுதான் திருகு.

கடைசியாக இஞ்சினைச் சூடாக்கி, நீல நெம்புகோலை இரண்டு மூன்று முறை பின்னே இழுத்து முன்னே தள்ள வேண்டும். சுற்று இறங்கி ஏறும். உள்ளே அடைபட்ட காற்று போய் எண்ணெய் நிறையும். அணைத்துவிட்டு, அடித்தட்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி காய்ந்திருந்தால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடலாம். ஈரம் பட்டால் கேஸ்கட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.