கீழே நிற்பவரைக் கேளுங்கள்

தொழிலும் கருவியும் – 9

வளர்ந்த மரம் ஒன்றை இறக்கும்போது அடிமரம் பெரிய தொல்லையே இல்லை. துண்டு போட்டு ஓரமாக அடுக்கிவிடலாம். தெருவை அடைப்பது கிளையும் தழையும்தான். இழுத்துப் போடப் போட ஆள் உயரத்துக்குக் குவியும். அப்படியே லாரியில் ஏற்றினால் பாதிக்கு மேல் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பிரிட்டனில் வீடுகளுக்கு நடுவே மரம் கழிக்கும் தொழில் லாபத்தில் நடக்கிறதா நஷ்டத்தில் நடக்கிறதா என்பதை, அந்தக் குவியல் எத்தனை சீக்கிரம் ஒழிகிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

சென்ற வாரம் அங்குள்ள ட்ரீ சர்ஜன்கள், அதாவது மரம் கழிப்பவர்கள், மரமேறும் கயிற்றையும் இடுப்புவாரையும் பார்த்தோம். இந்த வாரம் தரைக்கு இறங்குவோம். லாரிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி வந்து, கிளைகளைச் சில்லாக்கும் சிப்பர் எந்திரம், புதிதாகத் தனிக்குழு தொடங்கும் ஒருவருக்கு லாரிக்கு அடுத்தபடியான பெரிய செலவு. நல்ல சிப்பர் புதிதாக வாங்கினால் இருபதாயிரம் பவுண்டை ஒட்டி ஆகும். பொருந்தாததை வாங்கிவிட்டால், தவணை முடியும்வரை ஒவ்வொரு நாள் வேலையும் அரைமணி, ஒருமணி என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் இதைக் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

எந்திரம் பழையது. ஜெர்மனியின் மாஸ்ப்யூலைச் சேர்ந்த பீட்டர் யென்சன் 1884-இல் இதைச் செய்தார் என்கிறது வரலாறு. பிரிட்டனில் இந்தத் தொழில் இத்தனை பெருகியதற்கு இயற்கையும் ஒரு காரணம். 1987 அக்டோபர் 16 அதிகாலையில் வீசிய புயல் தென் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. 2012-இல் அங்கே கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஆஷ் மரங்களைச் சாலையோரம் முழுக்க நின்ற இடத்திலேயே காய வைத்துக்கொண்டிருக்கிறது. சிப்பர் செய்யும் கம்பெனிகளும் உள்நாட்டிலேயே இருக்கின்றன: ஸ்டோமார்க்கெட்டில் டிம்பர்வுல்ஃப், ஆல்செஸ்டரில் கிரீன்மெக், ஆண்டோவரில் ஃபோர்ஸ்ட்.

வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அங்குலக் கணக்கு. நாலு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம் என்று எந்திரத்தின் மேல் பெரிதாக எழுதியிருக்கும். எத்தனை தடிமனான கட்டையை அது விழுங்கும் என்பதற்கான எண் அது. அதிக எண் இருந்தால் அதிக வேலை நடக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தொழிலில் இருப்பவர்கள் எட்டு அங்குலக் கட்டையைச் சிப்பரில் போடுவதே அபூர்வம். பிரிட்டனில் விறகு அடுப்பு வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். நாலைந்து அங்குலத்துக்கு மேற்பட்ட கட்டையை அறுத்து, பிளந்து, காயவைத்தால் காசு. அதைச் சில்லாக்கி இலவசமாகக் கொடுப்பவர் யார்? சிப்பருக்குள் போவது விரல் தடிமனிலிருந்து மணிக்கட்டு தடிமன் வரையிலான கிளைகள். அவையும் நேராக இருப்பதில்லை.

சிக்கல் அங்கேதான். லைம் மரத்தின் (எலுமிச்சையல்ல, லிண்டன்) உச்சிக்கிளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதி மூன்று அங்குலம்தான் இருக்கும். ஒரு முழம் தள்ளி இரண்டாகக் கவைக்கும். அங்கிருந்து மறுபடி நாலாக. கீழே நிற்பவர் அடியை முன்னால் வைத்து எந்திரத்தின் வாய்க்குள் விடுவார். உருளைகள் பற்றி இழுக்கும். கவை வந்ததும் இரண்டு கொம்பும் வாயின் இரு பக்கச் சுவரிலும் போய் முட்டி நிற்கும். உருளை அதே இடத்தில் சுழன்று பட்டையை உரிக்கும். இழுவிசை உள்ள எந்திரமாக இருந்து, வாயும் அகலமாக இருந்தால், கவை மடங்கி நொறுங்கி உள்ளே போய்விடும். இல்லாவிட்டால் உருளையை நிறுத்தி, பின்னால் ஓடவிட்டு, கிளையை வெளியே எடுத்து, ரம்பத்தால் ஒரு கொம்பை அறுத்துவிட்டு மறுபடி ஊட்ட வேண்டும். ஒரு தடவை இது அரை நிமிஷ வேலை. லேலண்டி சைப்ரஸ் வேலி ஒன்றை முழுசாக எடுக்கும் நாளில் இதே அரை நிமிஷம் எத்தனை தடவை வரும் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு அங்குலம் என்றே விற்கப்படும் இரண்டு எந்திரங்களில் ஒன்றின் வாய் ஆறுக்கு ஆறாக இருக்கும். இன்னொன்றின் வாய் ஆறுக்கு ஒன்பதாக இருக்கும். எண் ஒன்றுதான்; நாள் முடிவில் வேலை ஒன்றல்ல. என்னைக் கேட்டால், எட்டு அங்குலச் சிறுவாயைவிட ஆறு அங்குல அகலவாய் மேல் என்பேன்.

உள்ளே வெட்டும் விதத்தில் இரண்டு வகை உண்டு. கனமான இரும்புத் தட்டில் கத்திகளைப் பொருத்திச் சுழலவிடுவது ஒன்று. கத்தி பதித்த உருளைப் பீப்பாயைச் சுழலவிடுவது இன்னொன்று. தட்டு வகையில் அதே தட்டின் துடுப்புகள் சில்லை வாரி வீசிவிடும். சில்லும் ஒரே அளவாக வரும். பீப்பாய் வகை பெரிய கட்டைகளுக்கு ஏற்றது. வீட்டுத்தோட்ட வேலைக்குத் தட்டு வகை போதும் என்பதால் இதில் அதிகம் குழம்ப வேண்டாம். கத்தியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். காய்ந்த ஆஷ் கட்டையும், கிளையோடு ஒட்டி வரும் மண்ணும் கல்லும் கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய கத்தி கிளையை வெட்டாது, பிய்க்கும். எஞ்சின் திணறும், டீசல் கூடும். கிரீன்மெக் வட்டமான கத்தியைப் பயன்படுத்துகிறது. ஒரு பக்கம் மழுங்கினால் கொஞ்சம் திருப்பி அடுத்த விளிம்பைக் கொண்டுவரலாம். அப்படி மூன்று விளிம்பு. மற்றவர்களுடைய நேர்க்கத்தியைக் கழற்றிச் சாணை பிடிக்க அனுப்ப வேண்டும். கத்தி மாற்ற எத்தனை போல்ட் கழற்ற வேண்டும், மழையில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியுமா என்று கேட்பது, குதிரைத்திறனைக் கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி.

எடைக்கு ஒரு சட்டக்கதை இருக்கிறது. 1997 ஜனவரி 1 முதல் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள், லாரிக்குப் பின்னால் 750 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டுமானால் பொதுவாக இன்னொரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. வேலைக்கு வந்த இளைஞர்கள் பெரும்பாலும் அந்தத் தேர்வு எழுதாதவர்கள். அதனால் சிப்பர் கம்பெனிகள் 750 கிலோவுக்குள் ஆறு அங்குல எந்திரத்தை அடக்கப் போட்டி போட்டன. 2021 டிசம்பர் 16-இல் அந்தத் தேர்வே எடுக்கப்பட்டு, 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் 750 கிலோ எந்திரங்கள் மறையவில்லை. சரிவான வீட்டுப் பாதையில் கொக்கியைக் கழற்றி, இருவர் கையால் தள்ளித் திருப்பி வைக்க வேண்டிய வேலை தினமும் வருகிறதே!

எஞ்சின் விஷயத்தில் மாசுக்கட்டுப்பாடு குறுக்கே வந்தது. ஐரோப்பாவின் ஐந்தாம் கட்ட விதிகளின்படி, 2019 முதல் 19 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 25 குதிரைத்திறனுக்கு, மேற்பட்ட புதிய டீசல் எஞ்சின்களுக்கு நடைமுறையில் புகைக்கரி வடிகட்டி வேண்டும். பிரிட்டனும் அந்த விதிகளை வைத்துக்கொண்டது. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர, எஞ்சின் சூடாக நெடுநேரம் ஓட வேண்டும். சிப்பரோ ஐந்து நிமிஷம் உறுமும், பத்து நிமிஷம் சும்மா நிற்கும். அதனால் கம்பெனிகள் இரண்டு வழியில் பிரிந்தன: 25 குதிரைத்திறனுக்குள் டீசல், இல்லையென்றால் பெட்ரோல். பெட்ரோல் எஞ்சின் இலகுவானது, சட்டென்று சக்தி தரும். எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கும். நாள் முழுக்க ஓடவிடும் குழுவுக்கு டீசல், தெருத்தெருவாக நின்று நின்று வேலை செய்யும் இருவர் குழுவுக்குப் பெட்ரோல் என்பது என் கணிப்பு. வேகம் குறைந்தால் உருளையைத் தானே நிறுத்தி, எஞ்சின் மூச்சு வாங்கியதும் மறுபடி ஓடவிடும் அமைப்பு இன்று பெரும்பாலான எந்திரங்களில் உண்டு. அது எத்தனை சுறுசுறுப்பாக மீள்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சில்லு போய் விழும் லாரியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். சாதாரண லைசென்ஸில் ஓட்டக்கூடிய 3.5 டன் டிப்பரில், உடலும் பெட்டியும் கருவிகளும் ஆட்களும் போக ஏறக்குறைய ஒரு டன்தான் மிச்சம். பச்சைச் சில்லு ஒரு கனமீட்டர் முந்நூறு, நானூறு கிலோ இருக்கும். சக்தி வாய்ந்த எந்திரம் மதியத்துக்குள் லாரியை நிரப்பிவிட்டால், ஓவர்லோடில் மாட்டாமல் இருக்க இறக்கிவிட்டு வர வேண்டும். அந்த நேரம் முழுக்க எந்திரம் சும்மா நிற்கும்.

இனி, எல்லாவற்றையும்விட நான் அக்கறையோடு சொல்ல வேண்டியது. கரும்புச்சாறு கடையில் இரும்பு உருளைகள் கரும்பைப் பற்றி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதன் உருளைகள் அதைவிடப் பல மடங்கு வெறியோடு, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுக்கும். கிளையின் கொக்கி போன்ற கொம்பு கையுறையின் மணிக்கட்டுப் பட்டையில் மாட்டினால், விஷயம் புரிவதற்குள் முழங்கை உள்ளே போய்விடும். அதனால்தான் ஊட்டும் தொட்டி அத்தனை நீளம்: கை உருளையை எட்டக் கூடாது. தொட்டியின் கீழ்விளிம்பில் காலோ தொடையோ பட்டதும் உருளையை நிறுத்தும் கம்பி இருக்கிறது. கிளைகள் அதில் இடித்து வேலை அடிக்கடி நிற்கிறது என்று அதைக் கட்டிப்போடுபவர்கள் உண்டு. அப்படிக் கட்டிப்போட்ட எந்திரம் ஓடும் இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. குட்டைத் துண்டுகளைக் கையால் தள்ளக் கூடாது. அடுத்த நீளக் கிளையைக் கொண்டு தள்ள வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் கனத்த தட்டு வெகுநேரம் சுழன்றுகொண்டே இருக்கும். மூடியைத் திறக்கக் காத்திருக்க வேண்டும்.

கயிற்றை மறக்கவே கூடாது. மேலே ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய கயிற்றின் மிச்சம் தரையில் தழைக்குள் புதைந்து கிடக்கிறது. கீழே நிற்பவர் கிளைக்கத்தையை வாரிக்கொண்டு போகும்போது கயிறும் சேர்ந்து போய், உருளையில் சிக்கினால், மேலே இருப்பவரை மரத்தோடு நசுக்கும் அல்லது பிய்த்து எறியும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே சிப்பரை மரத்தடியிலிருந்து தள்ளியே வைப்பார்கள். கயிற்றைப் பைக்குள் சுருட்டி வைப்பார்கள். இடுப்புவார் அணிந்தவர் சிப்பருக்கு ஊட்டவே மாட்டார். வேலைக்கருவிகள் பற்றிய 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, பயிற்சி பெறாத ஒருவரை இந்த எந்திரத்தை இயக்க விடுவது முதலாளியின் குற்றம். அந்தப் பயிற்சிச் செலவையும் எந்திர விலையோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பழைய எந்திரம் வாங்குபவர்கள் முதலில் சீரியல் நம்பர் தகட்டைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் சிப்பர் திருட்டு அத்தனை சகஜம். கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தகடு சுரண்டப்பட்டிருந்தால் விலை எத்தனை குறைவாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். பிறகு மணிக்கணக்கு மீட்டர், தட்டின் பேரிங்கில் ஆட்டம், கத்திக்கும் எதிரே நிலையாக நிற்கும் இரும்புப் பட்டைக்கும் உள்ள இடைவெளி, ஹைட்ராலிக் குழாய்களில் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக் கம்பி வேலை செய்கிறதா என்று உங்கள் காலாலேயே தட்டிப் பாருங்கள்.

புதிது வாங்குவதானால், பிரிட்டனில் விற்பனையாளர்கள் எந்திரத்தை வேலையிடத்துக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவார்கள். அவர்கள் கொண்டுவரும் நேரான கம்புகளை ஒதுக்கிவிட்டு, உங்கள் குவியலிலிருந்தே போடச் சொல்லுங்கள்: முள்ளடர்ந்த ஹாதார்ன், நார் நாராக உருளையில் சுற்றும் ஐவி கொடி, கவைத்த லைம் கிளை. முதலாளி ஊட்டக் கூடாது. தினமும் கீழே நின்று ஊட்டப்போகிற அந்த ஆளே ஊட்டட்டும். அவர் எத்தனை தடவை ரம்பத்தைக் கையில் எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள். தொட்டியின் உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக இருக்கிறதா, அடிக்கடி குனிகிறாரா, நிறுத்தும் கம்பிக்குக் கால் தானாகப் போகிறதா என்று பாருங்கள். அரை நாள் போகட்டும். விலைப் பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

(அடுத்த வாரம்: சங்கிலிவாள்)